ஒரு பந்தைக்கூடத் தட்டாத அங்கிள்

நான் பல்பு வாங்கிய கதைகள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் தொகுத்தால் ஒரு புத்தகமே போடலாம், வாங்கத்தான் ஆள் இருக்காது. அதில் ஒரே ஒரு பல்பை மட்டும் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாதி சொல்வேன். "அறுபது வயசு ஆகப்போற ஒரு அங்கிள், பாஸ்கெட் பால்ல என்னை ஒரு மேட்ச் முழுக்க ஒண்ணுமே பண்ண விடலை தெரியுமா" என்று ஆரம்பிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அங்கேயே நிறுத்திக்கொள்வேன். மீதிப் பாதி கொஞ்சம் அசிங்கமானது. இன்றைக்கு அதையும் சேர்த்து எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். நான் பிறந்து வளர்ந்தது பெரம்பூர். எங்கள் ஊர்ப் பெயரில் மட்டும் மூன்று ரயில் நிலையங்கள் உண்டு: பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் தவறாமல் தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிட்டு போன் போடுவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ரயில்வேயில் வேலை, மீதிப் பேருக்கு ரயில்வேயில் மாமா. 1955-ல் நேரு வந்து திறந்துவைத்த ஐ.சி.எஃப். இங்கேதான் இருக்கிறது. நாடு முழுக்க ஓடுகிற நீலப் பெட்டிகளில் பெரும்பாலானவை இங்கே பிறந்தவை. 2018-ல் முதல் வந்தே பாரத் ரயில் வெளியே வந்ததும் இங்கிருந்துதான். (இதை எந்தப் பேச்சிலாவது நுழைத்துவிடுவது பெரம்பூர்க்காரர்களின் வழக்கம். கண்டுகொள்ள வேண்டாம்.)

வடசென்னை என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு வியாசர்பாடி ஃபுட்பால் தெரியும், ராயபுரம் பக்கத்து பாக்ஸிங் தெரியும், கேரம் போர்டு தெரியும். பாஸ்கெட் பாலுக்கு இங்கே என்ன வேலை என்று என் கல்லூரியிலேயே கேட்டிருக்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில்: ரயில்வே. ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒன்று இருக்கிறது. நன்றாக விளையாடினால் வேலை. இந்திய மகளிர் அணிக்குக் கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரைகூட தெற்கு ரயில்வே ஊழியர்தான். அதற்கும் முன்னால் போனால் ஒய்.எம்.சி.ஏ. இந்த ஆட்டத்தையே 1891-ல் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற ஆசிரியர் கண்டுபிடித்தார். 1920-ல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். ஆக, மும்பைக்கோ டெல்லிக்கோ நாங்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை.

வரலாறு போதும். எங்கள் கோர்ட்டுக்கு வருகிறேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டி ஒரு சிமெண்ட் தரை. இரண்டு பக்கமும் ரிங் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள், நான் பார்த்ததெல்லாம் ஒன்றுதான். வலை கிடையாது. பந்து உள்ளே போனதா, ரிங்குக்கு வெளியே உரசிக்கொண்டு போனதா என்று வாரத்துக்கு ஒரு சண்டையாவது நடக்கும். ரிங்கைப் பார்த்து நின்றால் இடது மூலையில் ஒரு வேப்பமரம். அதன் வேர் சிமெண்டைத் தூக்கி உடைத்ததில் அந்த மூலை முழுக்கப் பொடி ஜல்லி. ஷூ நன்றாக இருந்தாலும் அங்கே கால் சறுக்கும். என் ஷூ நன்றாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பிப்போம், வெயில் ஏறியதும் முடிப்போம். பக்கத்துக்கு நாலு பேர், பாதிக் கோர்ட், 11 பாயிண்ட், ஒரு கூடைக்கு ஒரு பாயிண்ட். ஜெயித்தவன் கோர்ட்டில் நிற்பான், தோற்றவன் மரத்தடியில் உட்காருவான். இதே மாதிரி பாதிக் கோர்ட் ஆட்டத்தைத்தான் த்ரீ ஆன் த்ரீ என்று பெயர் வைத்து, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் முதல் முறையாகச் சேர்த்தார்கள். அங்கே 21 பாயிண்ட் அல்லது 10 நிமிடம், தலைக்கு மேலே 12 நொடி ஓடும் கடிகாரம், விசிலோடு நடுவர். எங்களுக்கு நடுவரும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. அடி வாங்கியவனே ஃபவுல் கேட்க வேண்டும். கேட்டால் கொடுத்துவிட வேண்டும், மறுபேச்சு கூடாது. இந்த ஒரு விதியில்தான் எங்கள் கோர்ட்டே ஓடியது. அடிக்கடி கேட்கிறவனுக்கு 'அழுகுணி' என்று பட்டம் கிடைக்கும். அந்தப் பயத்தில் எல்லோரும் ஒழுங்காக இருப்போம்.

நான் அப்போது இரண்டாம் ஆண்டு. 2023, ஆகஸ்ட் மாதம். கல்லூரி அணிக்கு செவ்வாய்க்கிழமை செலக்‌ஷன். முதல் வருடம் பெயர் வரவில்லை, இந்த முறை வந்தே தீரும் என்று இருந்தேன். எனக்கு ஒரு ஷாட் உண்டு. வலது பக்கமாக வேகமாகப் போய், சட்டென்று நின்று, எழும்பி அடிப்பது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதை யாராலும் தடுக்க முடியாது. 11 பாயிண்டில் ஆறேழு என்னுடையதாக இருக்கும். அணி பிரிக்கும்போது முதலில் என்னைத்தான் எடுப்பார்கள். இதெல்லாம் சேர்ந்து தலை கொஞ்சம் வீங்கியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அங்கிள் அதற்கு முன்பு இரண்டு ஞாயிறு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கிங் போகிறவர், இளைப்பாற உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தோம். ஒல்லி உடம்பு, என்னைவிட நாலு விரல் உயரம் குறைவு. மூக்குக் கண்ணாடியை எலாஸ்டிக் கயிறு போட்டுப் பின்னந்தலையில் கட்டியிருப்பார். ஐ.சி.எஃப்.பில் ஷெல் டிவிஷனில் வெல்டிங் வேலை என்று பின்னால் தெரிந்தது. ரிட்டயர் ஆக ஒன்பது மாதம் பாக்கி.

அன்று எதிரணியில் ஒரு பையன் வரவில்லை. ஏழு பேர்தான் இருந்தோம். எவனோ விளையாட்டாக, "அங்கிள், வர்றீங்களா?" என்று கேட்டான். அவர் பேப்பரை மடித்து பெஞ்சுக்கு அடியில் வைத்தார். பேண்ட்டின் காலை இரண்டு மடிப்பு மடித்தார். எழுந்து வந்து, "நான் இந்தத் தம்பியைப் பாத்துக்கறேன்" என்று என்னைக் காட்டினார்.

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். சிரித்தேன்.

முதல் பந்து. நான் வழக்கமாக வலது பக்கம், ரிங்கிலிருந்து ஒரு பதினைந்தடி தள்ளி நின்று பந்தை வாங்குவேன். அங்கிருந்து இரண்டே எட்டில் என் இடம் வந்துவிடும். அன்று போய் நின்றால், எனக்கும் பாஸ் போடுகிறவனுக்கும் நடுவே ஒரு கை நீட்டியிருக்கிறது. பந்து வர வழியில்லை. நான் இரண்டடி வெளியே வந்தேன். அவரும் வந்தார். இன்னும் இரண்டடி. கடைசியில் கோர்ட்டின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போய்த்தான் பந்தை வாங்க முடிந்தது. அங்கிருந்து ரிங் ஆவடியில் இருக்கிற மாதிரி தெரிந்தது.

வாங்கியாயிற்று, இப்போது பார் என்று திரும்பினேன். எனக்கு நேரே நிற்காமல், என் வலது காலுக்கு முன்னால் ஒதுங்கி நிற்கிறார். இடது பக்கம் முழுசாகத் திறந்து கிடக்கிறது, அண்ணா சாலையில் பந்த் அன்றைக்கு இருக்கிற மாதிரி. எவனாக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் போவான். போனேன். எனக்கு இடது கை பழக்கமில்லை என்பது நாலாவது தட்டில் ஞாபகம் வந்தது. அதற்குள் ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் அங்கிள், காலுக்கடியில் ஜல்லி. நின்று அடிக்கலாம் என்று எழும்பினால் கால் சறுக்குகிறது. பந்து போர்டின் விளிம்பில் பட்டுத் தெறித்தது.

தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாவது முறையும் அதே வேப்பமரத்தடியில் போய் நின்றபோதுதான், என்னை யாரோ ஆட்டை ஓட்டுவது போல ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று புரிந்தது.

இதைப் படிக்கிறவர்கள் மனதில் ஒரு படம் ஓடலாம். பெரியவர் பறந்து பறந்து பந்தைத் தடுக்கிறார், சின்னப் பையன் வாயைப் பிளக்கிறான் என்று. அப்படி எதுவுமே நடக்கவில்லை. அன்று முழுக்க அவர் ஒரு ஷாட்டைக்கூட பிளாக் செய்யவில்லை. என் கையிலிருந்து ஒரு பந்தைக்கூடத் தட்டிப் பறிக்கவில்லை. தரையை விட்டு அவர் கால் எழும்பிப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. முட்டியை மடித்துக்கொண்டு, ஒரு காலோடு இன்னொரு கால் பின்னாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தார். நான் அடிக்க எழும்பினால் பந்தைத் தேடாமல் என் கண்ணுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார். அடித்து முடித்ததும் திரும்பி, என் முட்டியின் மேல் உட்காருவது போல முதுகைக் கொடுத்து நின்றார். ரீபவுண்டுக்கு நான் போக முடியாது. பந்து தானாக அவர்கள் ஆளிடம் போய் விழும். நடுநடுவே வாய் மட்டும் வேலை செய்தது. "பின்னாடி ஆள் வரான்", "நான் இருக்கேன், நீ உள்ள பாத்துக்கோ" என்று தன் அணிப் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் எல்லோரும் என் நண்பர்கள்தான். அன்றைக்கென்று பார்த்து திடீரென ஒழுங்காக ஆட ஆரம்பித்தார்கள், துரோகிகள்.

நான் எட்டு ஷாட் அடித்தேன். ஒன்று உள்ளே போனது. அதுவும் எங்கள் ஆள் குறுக்கே நின்று மறித்ததில் அவர் வேறொருவனிடம் மாறிக்கொண்டிருந்த இரண்டு நொடியில்.

இனிதான் அந்த மீதிப் பாதி.

அவர்கள் 9, நாங்கள் 6. மறுபடியும் இடது பக்கம் போனேன். மறுபடியும் ஜல்லி. தட்டிய பந்து என் முட்டியிலேயே பட்டு வெளியே உருண்டுவிட்டது. யாரும் தொடவில்லை. வெளியே போன பந்து, அவர்களுடைய பந்து. அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்தது:

"ஃபவுல்! கையைத் தட்டிட்டாரு!"

சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவருடைய இரண்டு கையும் தோளுக்கு மேலே இருந்தது. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் அணிக்காரன் ஒருத்தன், ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன், குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. எதிரணியில் ஒருவன், "டேய், இன்னாடா..." என்று ஆரம்பித்தான்.

அங்கிள் அவனைப் பார்த்து, "தம்பி கேட்டுட்டான்ல, குடுப்பா" என்றார். அவரே போய் பந்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். முகத்தில் கோபமும் இல்லை, நக்கலும் இல்லை. போய் முட்டியை மடித்து, என் வலது காலுக்கு முன்னால் அதே இடத்தில் நின்றார். ஒரு அங்குலம் தள்ளி நின்றிருந்தாலாவது, ஏதோ மனதில் வைத்துக்கொண்டு செய்கிறார் என்று நினைத்திருப்பேன்.

அந்தப் பந்தை நான் யாருக்கு பாஸ் போட்டேன் என்று எனக்கே தெரியாது. நேராக எதிரணி ஆளிடம் போனது. 10-6. அடுத்து இன்னொன்று. 11-6.

முடிந்ததும் அவர் மரத்தடியில் உட்கார்ந்து கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் என் பை அந்த பெஞ்சில்தான் இருந்தது. எடுக்கப் போனபோது அவரே பேசினார்.

"செலக்‌ஷன் எப்ப?"

யாரோ சொல்லியிருக்கிறார்கள். "செவ்வாக்கிழமை அங்கிள்."

"நீ மூணு தட்டு தட்டுறே. எப்பவும் மூணுதான். மூணாவது தட்டு கொஞ்சம் பலமா விழும், உடனே எழும்புவே. ரெண்டு வாரமா எண்ணிக்கிட்டு இருந்தேன்."

எனக்கே தெரியாத விஷயம் அது. நான் தட்டுகிறேன், எழும்புகிறேன் என்பது தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது.

"பந்தைப் பாக்கவே மாட்டீங்களா அங்கிள்?"

"பந்தைப் பாத்தா பந்து ஏமாத்தும். கண்ணைப் பாத்தா கண்ணு ஏமாத்தும். தொப்புள் எந்தப் பக்கம் போவுதோ அங்கதான் ஆளும் போவணும்" என்றார். இது உலகம் முழுக்க கோச்கள் சொல்லிக்கொடுக்கிற பால பாடம் என்று பின்னால் தெரிந்தது. அன்று எனக்கு ஏதோ சித்தர் வாக்கு மாதிரி கேட்டது.

பெரிய ஆட்டக்காரராக இருந்திருப்பார் என்று நினைத்துக் கேட்டேன். சிரித்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டீமில் இருந்தாராம். "பன்னெண்டாவது ஆள். மேட்ச்சுல உக்காந்திருந்ததுதான் ஜாஸ்தி" என்றார். தினமும் சாயந்திரம் பிராக்டீஸில் டீமின் நல்ல ஷூட்டரை இவர்தான் மறித்து நிற்க வேண்டும். அவனுக்குப் பயிற்சி கிடைக்க வேண்டுமே, அதற்காக. அப்படிப் பல வருடம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அந்த ஷூட்டரின் பெயர் வரும்போது, முதல் நாள் அவன் எத்தனை தட்டு தட்டினான் என்பது இவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

ஃபவுல் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "வரேன் அங்கிள்" என்று கிளம்பிவிட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. யூடியூபில் நல்ல டிஃபென்ஸ் என்று தேடினால் வருவதெல்லாம் பிளாக்தான். 2016 என்.பி.ஏ. இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடி வந்து இகுடாலாவின் பந்தைப் போர்டில் அறைந்த காட்சியைக் கோடிக்கணக்கான பேர் பார்த்திருப்பார்கள். அது பிரமாதம்தான். ஆனால் அங்கிள் செய்ததில் வெட்டி எடுத்துப் போட ஒரு பத்து நொடிகூட இல்லையே? ஒரு ஆள் பத்து நிமிடம் நிற்கிறார், இன்னொரு ஆளுக்குப் பந்து கிடைக்கவில்லை. இதை யார் பார்ப்பார்கள்?

தேடிக்கொண்டே போனதில் பில் ரஸ்ஸல் வந்தார். பாஸ்டன் அணிக்காக 13 சீசனில் 11 முறை கோப்பை வென்றவர், டிஃபென்ஸ் என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர். அவர் மொத்தம் எத்தனை பிளாக் செய்தார் தெரியுமா? யாருக்கும் தெரியாது. என்.பி.ஏ. பிளாக்கையும் ஸ்டீலையும் எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கே அந்தக் கதி. ஷேன் பேட்டியர் என்று இன்னொருவர். ஹூஸ்டன் அணியில் இருந்தபோது 2009-ல் மைக்கேல் லூயிஸ் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பேட்டியரின் கணக்கில் பெரிதாக எந்த எண்ணும் இருக்காது, ஆனால் அவர் ஆடினால் அவருடைய அணி நன்றாக ஆடும், எதிரணியின் பெரிய ஷூட்டர் சொதப்புவார். கோபி பிரையண்ட் எங்கிருந்து அடித்தால் குறைவாகப் போடுவார் என்று புள்ளிவிவரம் படித்து, அந்த இடத்துக்கே அவரைத் தள்ளிக்கொண்டு போவாராம். பந்தைத் தட்டப் போகாமல் முகத்துக்கு நேரே கையைக் காட்டுவாராம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஹூஸ்டனில் அதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். இங்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வேப்பமரமும் போதுமாக இருந்தது.

நம் கபடி இந்த விஷயத்தில் நியாயமான ஆட்டம். பாடி வருகிறவனைப் பிடித்தால் பிடித்தவர்களுக்குப் பாயிண்ட். புரோ கபடியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் இரண்டு பாயிண்ட். கிரிக்கெட்டிலாவது ரன் கொடுக்காத ஓவரை மெய்டன் என்று எழுதி வைக்கிறார்கள். 1964 ஜனவரியில் இதே சென்னையில், பெரியமேட்டில் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர் மெய்டன் போட்டார். 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. ஒரு விக்கெட்கூட எடுக்காத பந்துவீச்சு இத்தனை வருடம் கழித்தும் புத்தகத்தில் இருக்கிறது என்றால், யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி வைத்ததால்தான். எங்கள் கோர்ட்டில் புள்ளி வைக்க ஆள் இல்லை. அன்றைய ஆட்டத்துக்கு இருக்கிற ஒரே ஸ்கோர் புக் நான்தான். அந்த ஸ்கோர் புக்கும் ஒரு பொய்யான ஃபவுலை எழுதி வைத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை என்ன ஆனது என்று கேட்பீர்கள். பதினைந்து பேர் பட்டியலில் என் பெயர் இல்லை. வந்தவர்கள் என்னைவிட நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அங்கிள் பெரும்பாலான ஞாயிறுகளில் வந்தார். முழு ஆட்டம் ஆட மாட்டார். ஒன்று ஆடுவார், போதும் என்று உட்கார்ந்துவிடுவார். ஆடினால் என்னைத்தான் மறிப்பார். அணி பிரிக்கும்போதே என்னை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவார்கள். எனக்குப் பிடிவாதம் வந்தது. வார நாட்களில் கல்லூரி விட்டு வந்ததும் அந்த ஜல்லி மூலையிலேயே போய் நின்று இடது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருப்பேன். வலது கையை ஷார்ட்ஸ் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ. மூன்று தட்டை இரண்டாக்கினேன். அடுத்த ஞாயிறே கண்டுபிடித்துவிட்டார். நாலாக்கினேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தீபாவளி தாண்டி, பொங்கல் தாண்டித்தான் அவர் மேல் முதல் கூடை போட்டேன். அன்று அவருக்கு இருமல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு வாரமும் அந்த ஃபவுலைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று நினைப்பேன். "அங்கிள், அன்னைக்கு நீங்க தட்டலை" என்று நாலே வார்த்தை. ஆட்டம் முடிந்து தண்ணீர் பாட்டில் கைமாறும்போது தொண்டை வரை வரும். அதற்குள் யாராவது வருவார்கள், வெயில் ஏறிவிடும், அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் மறந்துகூடப் போயிருக்கலாம். எதை எப்போது கேட்டாலும் எத்தனையாவது தட்டு என்று சொல்கிற மனிதர் அதை மட்டும் மறந்திருப்பார் என்று நம்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

2024 மே மாதம் ரிட்டயர் ஆனார். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ரிட்டயர் ஆன பிறகு சில மாதம் இருக்க விடுவார்கள், அப்புறம் சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பது வருடம் ஒரே வாசலில் கோலம் போட்டவர்கள் ஒரு நாள் லாரியில் ஏறிப் போய்விடுவார்கள். அடுத்த வாரம் அந்த வாசலில் வேறு கோலம் இருக்கும். என் சின்ன வயது நண்பர்களில் பாதிப் பேர் அப்படித்தான் காணாமல் போனார்கள். அங்கிள் திருநின்றவூர்ப் பக்கம் வீடு கட்டியிருந்தார். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, "அடுத்த வாரம் சாமான் ஏத்தறோம்" என்றார். அப்போதும் பேண்ட்டின் காலை மடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைய ஆட்டம் 10-10 வரை போனது. எங்கள் பந்து. எல்லோரும் பந்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள், ஏதோ சினிமா கிளைமாக்ஸ் மாதிரி. அவர் என் வலது காலுக்கு முன்னால் நின்றார். இடது பக்கம் திறந்து கிடந்தது. போனேன். ஜல்லி வருவதற்கு ஒரு எட்டு முன்னால் நின்று எழும்பினேன். கை வந்தது. இந்த முறை அவர் ஒரு நொடி தாமதம். பந்து கையை விட்டுப் போகும்போது அவருடைய விரல் நுனி என் மணிக்கட்டில் பட்டது. பட்டதா என்று யோசிக்கிற அளவுக்குத்தான் பட்டது. பந்து ரிங்கில் சுற்றி வெளியே விழுந்தது. அவர்கள் ஆள் எடுத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லாமல் டிஃபென்ஸுக்குத் திரும்பினேன்.

"ஃபவுல்" என்றார் அங்கிள்.

பந்து வைத்திருந்தவன் முழித்தான். "யாரு கேட்டா?"

"நான் அடிச்சுட்டேன்."

"இல்லை அங்கிள், லேசாதான் பட்டுச்சு. விடுங்க" என்றேன்.

அவர் அவனிடமிருந்து பந்தை வாங்கினார். என் பக்கத்தில் வந்து நின்றார். இருவருக்குமே மூச்சு வாங்கியது.

"அடி வாங்கினவன் கேட்டாத்தான் ஃபவுல். கேளு தம்பி."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியில் வியர்வை, கண் சரியாகத் தெரியவில்லை.

"அங்கிள், போன வருஷம்..."

"கேளுப்பா."

"ஃபவுல்" என்றேன்.

பந்தில் ஒட்டியிருந்த ஜல்லிப் பொடியை உள்ளங்கையால் துடைத்து என் கையில் கொடுத்தார். இரண்டடி பின்னால் போய், முட்டியை மடித்து, என் வலது காலுக்கு முன்னால் நின்றார்.